"பிறகு கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால்

உங்கள் கேள்வியில் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. கடையில் காட்டிய புது பிராண்டட் டெஸ்க்டாப் ஒன்று, ஐ3, 8 ஜிபி ரேம். தெரிந்தவர் ஒருவர் சொல்லும் அசெம்பிள்டு இன்னொன்று. உங்கள் மச்சான் சொல்லும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் மூன்றாவது. பட்ஜெட் 35,000 ரூபாய், மானிட்டர் வீட்டிலேயே இருக்கிறது, பையன் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் சேருகிறான், கொஞ்சம் கேமும் விளையாடுவான். இதில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், "இப்போதைக்கு இதை வாங்குங்க சார், பிறகு கிராபிக்ஸ் கார்டு போட்டுக்கலாம்னு கடைக்காரர் சொல்றார்" என்று, உண்மையான கேள்வி அதுதான். இன்று குறைந்த விலையில் வாங்கும் பெட்டியை இரண்டு வருடம் கழித்துப் பெரிதாக்க முடியுமா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மூன்றில் எது என்பது தானாக முடிவாகிவிடும்.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் பல வருடமாக இருப்பவன். புது மெஷின் விற்பதைவிட மற்றவர்கள் விற்றதைத் திறந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் என் பார்வை கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

பெரிதாக்குவது என்பதில் நான்கு விஷயம் உண்டு: ரேம், எஸ்எஸ்டி, பிராசசர், கிராபிக்ஸ் கார்டு. முதல் இரண்டும் எந்தப் பெட்டியிலும் கிட்டத்தட்ட பிரச்சினையில்லாமல் நடக்கும். பிராண்டட் மெஷினாக இருந்தாலும் மூடியைக் கழற்றி ஒரு ரேம் குச்சியைச் செருகுவதற்கு இன்ஜினியர் தேவையில்லை. பிராசசர் மாற்றுவது நடைமுறையில் அரிது, அந்த போர்டு ஏற்றுக்கொள்ளும் ஒன்றிரண்டு மாடலுக்குள்தான் மாற்ற முடியும். இன்டெல் 7ஆம் தலைமுறை போர்டில் சாக்கெட் அளவு ஒன்றுதானே என்று 8ஆம் தலைமுறை சிப்பை வைத்தால் ஓடாது, பலர் வாங்கிய பிறகுதான் இது தெரிந்து வருகிறார்கள். நான்காவதுதான் வம்பு. கடைக்காரர் உங்களுக்கு விற்கிற கனவும் அந்த நான்காவதுதான்.

ஏன் வம்பு என்றால், எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குள் எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை. டெல், ஹெச்பி, லெனோவோ மூன்று கம்பெனிகளின் குறைந்த விலை டெஸ்க்டாப்களிலும் ஆபீஸ் டெஸ்க்டாப்களிலும் வருவது பெரும்பாலும் 180 வாட்டிலிருந்து 300 வாட்டுக்குள் இருக்கும் சின்ன சப்ளை. அது மோசமான சப்ளை என்று நினைத்துவிட வேண்டாம், உள்ளூர் சந்தையில் "450 வாட்" என்று ஒட்டி கேபினட்டோடு இலவசமாகத் தருகிறார்களே, அதைவிட நேர்மையானது. சந்தேகம் இருந்தால் இரண்டின் ஸ்டிக்கரையும் படித்துப் பாருங்கள். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போவது 12 வோல்ட் மின்சாரம். ஸ்டிக்கரில் +12வி என்ற இடத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும், அதை 12ஆல் பெருக்கினால் உண்மையான பலம் தெரியும். 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 192 வாட். மேலே கொட்டை எழுத்தில் 450 என்று இருப்பது, 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று எல்லாவற்றையும் கூட்டிப் போட்டதாக இருக்கலாம், சில சமயம் அந்தக் கூட்டலும் வராது.

பிராண்டட் சப்ளையில் சிக்கல் அதன் தரத்தில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. கடையில் தனியாகக் கிடைக்கும் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு சப்ளையில் மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரில் 24 பின். டெல்லின் ஆபீஸ் மெஷின்களில் அது 6 பின் அல்லது 8 பின், லெனோவோவில் 10 அல்லது 14, ஹெச்பி தன் வழியில் வேறு. இந்த சப்ளைகளில் பெரும்பாலானவை 12 வோல்ட்டை மட்டும் அனுப்பும், 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் போர்டே தயாரித்துக்கொள்ளும். அதனால்தான் இந்த மெஷின்களைத் திறந்தால் ஹார்ட் டிஸ்குக்குப் போகும் கரண்ட் ஒயர் சப்ளையிலிருந்து வராமல் மதர்போர்டிலிருந்து வருவதைப் பார்க்கலாம். 24 பின்னை இந்த 6, 8 பின்களாக மாற்றும் அடாப்டர் கேபிள்கள் ஆன்லைனில் விற்கிறார்கள், சரியான மாடலுக்குச் சரியான கேபிள் என்றால் வேலையும் செய்கின்றன, நான் போட்டுக் கொடுத்த சில மெஷின்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் டவர் மாடல் பெட்டியாக இருந்தால்தான் இது. ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் என்கிற ஒல்லிப் பெட்டிக்குள் ஏடிஎக்ஸ் சப்ளை உடல் அளவிலேயே நுழையாது. சப்ளையை வெளியே மேசைமேல் வைத்து ஒயரை உள்ளே விட்டிருக்கும் படங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள், வீட்டில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

சப்ளையை மாற்றாமலே கார்டு போட முடியாதா என்றால், முடியும், ஒரு வரம்புக்குள். மதர்போர்டில் இருக்கும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் வரை கொடுக்கும், சில ஒல்லிப் பெட்டிகளில் தயாரிப்பாளரே அதையும் விடக் குறைவாகத்தான் அனுமதிக்கிறார். 75க்கு மேல் தேவைப்படும் கார்டுக்குத் தனியாக 6 பின் அல்லது 8 பின் ஒயர் வேண்டும், பிராண்டட் சின்ன சப்ளையில் பெரும்பாலும் அந்த ஒயரே கிடையாது. ஆக உங்களுக்கு வாய்ப்பு இருப்பது ஒயர் கேட்காத கார்டுகள் மட்டும்தான். என்விடியாவில் பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6400. வேறு சிலவும் உண்டு, சந்தையில் கண்ணில் படுவது இவைதான்.

இந்தச் சின்னப் பட்டியலிலேயே மூன்று கண்ணிகள் இருக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் இரண்டு கார்டு உண்டு: 6 ஜிபி கார்டு 70 வாட், ஒயர் வேண்டாம், 8 ஜிபி கார்டு 130 வாட், ஒயர் கட்டாயம். "ரெண்டும் 3050தான் சார், 8 ஜிபி இன்னும் பவர்ஃபுல்" என்று கொடுத்துவிடுவார்கள், வீட்டுக்கு வந்தால் அதில் செருக ஒயர் இல்லாமல் நிற்க வேண்டியதுதான். ஜிடிஎக்ஸ் 1650 கணக்குப்படி 75 வாட்தான், ஆனால் பல கம்பெனிகள் அதில் 6 பின் சாக்கெட் வைத்தே விற்றிருக்கின்றன, ஆகவே பெயரைப் பார்க்காமல் கார்டின் ஓரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், அரை உயரத்திலும் கிடைக்கும், ஒல்லிப் பெட்டிக்கென்றே செய்தது போல் இருக்கும். ஆனால் அது ஸ்லாட்டின் 4 லேன்களை (தகவல் போகும் பாதைகளை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் போட்டால்தான் அதன் முழு வேகம் வரும். நீங்கள் போடப் போகும் பழைய பெட்டியோ 3.0. ஓடும், ஆனால் யூடியூப் விமர்சனத்தில் பார்த்த வேகம் வராது. வீடியோ எடிட் செய்து எக்ஸ்போர்ட் பண்ணும்போது உதவும் என்கோடரும் அதில் இல்லை.

உயரம் என்று சொன்னேன் அல்லவா, ஒல்லிப் பெட்டியில் அரை உயரக் கார்டு மட்டும்தான் நிற்கும். அதையும் வாங்கும்போது அரை உயர பிராக்கெட் டப்பாவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், செகண்ட் ஹேண்டில் அது காணாமல் போயிருக்கும். இன்னும் சின்னதாக, டிபன் பாக்ஸ் அளவில் வருகிற மைக்ரோ, டைனி, மினி மாடல்களில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பெரும்பாலும் ஸ்லாட் இருக்காது, ரேமும் லேப்டாப் ரேம்தான்.

இப்போது உங்கள் மச்சான் சொன்ன யோசனை. அதை நான் பெரிதும் ஆதரிக்கிறேன், ஆனால் எந்தத் தலைமுறை என்று பார்த்து. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்தும் (அதற்கு முந்தையதில் விதிவிலக்குகள் மிகச் சில), ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் அதிகாரபூர்வ அனுமதி, கூடவே டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இந்த ஒரே காரணத்தால் கம்பெனிகள் 6, 7ஆம் தலைமுறை மெஷின்களை மொத்தமாகக் கழித்துக் கட்டுகின்றன, அவைதான் "ஐ5, 16 ஜிபி, எஸ்எஸ்டி" என்று நம்ப முடியாத விலைக்குக் கடைகளில் அடுக்கியிருக்கின்றன. அதில் விண்டோஸ் 11ஐ வேறு வழியில் ஏற்றிக் கொடுப்பார்கள், ஓடவும் ஓடும், ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் தருவோம் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. பையன் வாலரண்ட் விளையாடுவான் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு, விண்டோஸ் 11ல் அந்த கேம் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (மெஷின் ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செட்டிங்) இரண்டும் இருந்தால்தான் திறக்கும். லினக்ஸ் மட்டும் போடப் போகிறீர்கள் என்றால் 6, 7ஆம் தலைமுறை தாராளமாகப் போதும், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவனுக்கு அது கெட்டதும் இல்லை.

8ஆம் தலைமுறையை நான் வலியுறுத்துவதற்கு விண்டோஸ் மட்டும் காரணமில்லை. 7ஆம் தலைமுறை ஐ5-7500ல் 4 கோர் (பிராசசருக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), அடுத்த தலைமுறை ஐ5-8500ல் 6 கோர். இன்டெல் பல வருடமாக 4 கோரிலேயே ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஏஎம்டி 2017ல் ரைசனை இறக்கியதும் விழித்துக்கொண்டு கூட்டிய கோர்கள் அவை. செகண்ட் ஹேண்டில் இந்த இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில ஆயிரம்தான், பயனில் வித்தியாசம் பெரிது. மாடல் பெயர் சொன்னால் தேட வசதி: டெல்லில் ஆப்டிப்ளெக்ஸ் 3060, 5060, 7060, ஹெச்பியில் எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோவில் திங்க்சென்டர் எம்720, எம்920. ஆப்டிப்ளெக்ஸில் 3060ல் ரேம் ஸ்லாட் 2, 7060ல் 4, அதைக் கவனியுங்கள். எதுவானாலும் முடிந்தால் டவராகத் தேடுங்கள். ஒல்லிப் பெட்டிதான் நிறையக் கிடைக்கும், டவர் குறைவு, காத்திருந்தாவது வாங்குவது நல்லது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ நரசிங்கபுரம் தெருவுக்கோ நேரில் போனால் அங்கேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மாட்டேன் என்கிற கடையிலிருந்து இறங்கி அடுத்த கடைக்குப் போகலாம், தெரு முழுக்கக் கடைதான். இந்த மெஷின்களைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், கைவைக்க வேண்டிய இடங்களை டெல் நீலத்திலும் ஹெச்பி பச்சையிலும் காட்டியிருக்கும். உள்ளே பிராசசர் ஃபேனுக்கு அடியில் தூசி கம்பளம் போல் படிந்திருந்தால் அது பரவாயில்லை, கழித்துவிட்ட ஆபீஸ் மெஷின் அப்படித்தான் இருக்கும். துடைத்துப் பளபளவென்று இருந்து, ஆனால் ஒரு கெபாசிட்டரின் தலை மட்டும் உப்பியிருந்தால் அதுதான் ஆபத்து. பல ஆப்டிப்ளெக்ஸ் பெட்டிகளின் பின்பக்கம், கரண்ட் ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி பட்டனும் ஒரு விளக்கும் இருக்கும், மெஷினை ஆன் செய்யாமல் அதை அழுத்தினால் பச்சை எரிய வேண்டும், சப்ளை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஆன் செய்து டெல் என்றால் எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10, லெனோவோ என்றால் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள், அதாவது மெஷினின் அடிப்படை செட்டிங் திரைக்குள், போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் ஐடி ஆள் போட்ட பூட்டு அது, கடைக்காரர் "அது ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்பார், நாளைக்கு செக்யூர் பூட்டை மாற்ற வேண்டி வரும்போது பிரச்சினை உங்களுடையது. டெல் மெஷினில் சர்வீஸ் டேக் எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டால் அந்தப் பெட்டி எப்போது ஃபேக்டரியை விட்டு வந்தது, அப்போது உள்ளே என்ன இருந்தது என்று வரும், சொன்னதும் இருப்பதும் பொருந்துகிறதா என்று அங்கேயே போனில் பார்த்துவிடலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள், பென் டிரைவில் எடுத்துப் போங்கள், எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். பெயர் கேள்விப்படாத புது எஸ்எஸ்டி போட்டிருந்தால் அதை நம்பிப் படிப்பு, போட்டோ எதையும் வைக்காதீர்கள், நல்ல கம்பெனி எஸ்எஸ்டி தனியாக வாங்கிவிடுங்கள். வாரண்டி எவ்வளவு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். "டெஸ்டிங் வாரண்டி" என்று சொன்னால் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆன் ஆகிற வரைக்கும்தான் என்று பொருள்.

இதில் எனக்கு உறுதியில்லாத பகுதியையும் சொல்லிவிடுகிறேன். 2018, 2019ல் செய்த மெஷினின் சப்ளையும் போர்டும் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, நான் உட்பட. ஏசி ஆபீஸில் பகலில் மட்டும் ஓடியதா, ஒரு கால் சென்டரில் மூன்று ஷிஃப்டும் ஓடியதா என்பது பெட்டியைப் பார்த்தால் தெரியாது. என் அனுபவத்தில் நன்றாகவே தாங்குகின்றன, ஆனால் என்னிடம் வருபவற்றை வைத்து நான் சொல்வது அது, மொத்தச் சந்தையின் கணக்கு அல்ல. போர்டு போனால் கடையில் கிடைக்கும் சாதாரண போர்டை அந்தப் பெட்டிக்குள் வைக்க முடியாது, முன்பக்க பட்டன் ஒயரிலிருந்து ஸ்க்ரூ ஓட்டை வரை எல்லாம் தனி வழி, அதே மாடல் போர்டு தேட வேண்டும். அதனால் மொத்தப் பணத்தையும் இதில் போடாதீர்கள். 8ஆம் தலைமுறை ஐ5 உங்கள் பட்ஜெட்டில் பாதிக்குள் முடிய வேண்டும், அதற்கு மேல் கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம்.

சரி, அசெம்பிள்டு. அதன் உண்மையான லாபம் விலை அல்ல. பலர் அசெம்பிள் செய்தால் மலிவு என்று நினைக்கிறார்கள், 35,000க்குள் அது பெரும்பாலும் உண்மையில்லை, ஒரிஜினல் விண்டோஸின் விலையைச் சேர்த்தால் பிராண்டட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சேர்க்காமல் கிராக் விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பதால்தான் மலிவாகத் தெரிகிறது. உண்மையான லாபம் என்னவென்றால் எல்லாம் பொது அளவு. சப்ளை போனால் சப்ளை, போர்டு போனால் போர்டு, எந்த ஊரிலும் வாங்கி மாட்டலாம். ஐந்து வருடம் கழித்துப் பிராசசர், போர்டு, ரேமை மட்டும் தூக்கிவிட்டு அதே கேபினட்டில், அதே சப்ளையில், அதே எஸ்எஸ்டியில் புது மெஷின் ஆக்கலாம். பெரிதாக்குவது என்று நீங்கள் கேட்டது நிஜமாக நடப்பது இங்கேதான். ஆனால் அது நடக்க வேண்டுமென்றால் முதல் நாளே சப்ளையில் பணம் போட வேண்டும், 500 அல்லது 550 வாட், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்று, தெரிந்த கம்பெனி. கேபினட்டோடு வரும் சப்ளையை வைத்து அசெம்பிள் செய்தால் பிராண்டட்டின் குறையும் அசெம்பிள்டின் குறையும் ஒன்றாகக் கிடைக்கும்.

இந்த விலையில் உள்ளூர் அசெம்பிள் கடைகள் செய்யும் வித்தைகளில் இரண்டு தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, "ஐ7 கேமிங் பிசி" என்று விளம்பரம் வைத்திருப்பார்கள். எத்தனையாவது தலைமுறை ஐ7 என்று கேளுங்கள். ஐ7-2600 என்பது 2011ல் வந்த சிப், 4 கோர் 8 த்ரெட், டிடிஆர்3 ரேம். 2022ல் வந்த ஐ3-12100ம் அதே 4 கோர் 8 த்ரெட்தான், ஆனால் ஒவ்வொரு கோரும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம். பழைய ஐ7ஐ ஹெச்61 என்ற அந்தக் கால சிப்செட்டில் புதிதாக அச்சடித்த போர்டில் வைத்து, கண்ணாடி கேபினட்டில் கலர் லைட் ஃபேன் மாட்டினால் பார்ப்பதற்கு லட்ச ரூபாய் மெஷின் மாதிரி இருக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் பையன்கள் மட்டும் இல்லை, அப்பாக்களும்தான். இரண்டாவது, எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்கள், உதாரணமாக ஐ3-12100எஃப். இதில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, அதனால் விலை குறைவு, ஆனால் கார்டு இல்லாமல் மானிட்டரில் படமே வராது. அதற்காக ஜிடி 710, ஜிடி 730 என்று ஒரு பழைய கார்டைப் போட்டு "கிராபிக்ஸ் கார்டோட தர்றோம் சார்" என்பார்கள். எஃப் இல்லாத ஐ3க்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இதற்குச் சளைத்ததில்லை.

அசெம்பிள்தான் என்று முடிவானால் உங்கள் பட்ஜெட்டுக்கு என் தேர்வு ரைசன் 5 5600ஜி அல்லது 5600ஜிடி, ஏதாவது ஒன்று, ஒரு பி450 அல்லது பி550 போர்டோடு. 6 கோர் 12 த்ரெட், உள்ளேயே இருக்கும் வேகா கிராபிக்ஸ் ஐ3ல் இருப்பதைவிட நன்றாகவே பலமானது, கார்டு இல்லாமலே வாலரண்ட் சுகமாக ஓடும். ஒரே நிபந்தனை, ரேம் இரண்டு குச்சியாகப் போட வேண்டும். தனி கார்டு இல்லாத மெஷினில் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது, ஒற்றைக் குச்சி போட்டால் பாதை பாதியாகி கேமில் வேகம் கண்ணுக்குத் தெரிய விழும். 16 ஜிபி ஒரே குச்சியைவிட 8 ஜிபி இரண்டு குச்சி. கடைக்காரர்கள் "ஒண்ணா போட்டா பின்னாடி ஏத்திக்கலாம்" என்பார்கள், இந்தச் சிப்புக்கு அந்த யோசனை பொருந்தாது. ஏஎம்4 என்கிற இந்த சாக்கெட் பழசு, இனி புதிதாகப் பெரிய சிப் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். ஏஎம்5 போனால் எதிர்காலம் உண்டு, ஆனால் அதில் டிடிஆர்5 மட்டும்தான், இந்தப் பட்ஜெட்டில் இடிக்கும்.

ரேம் என்றதும் ஒரு விஷயம். 2025 கடைசியில் மெமரி சிப்களை ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்ததில் ரேம் விலை சில மாதங்களில் தாறுமாறாக ஏறியது, மைக்ரான் கம்பெனி க்ரூசியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. அதனால்தான் இந்தப் பதிலில் பாகங்களின் விலையை நான் எழுதவில்லை, எழுதினால் நீங்கள் கடைக்குப் போவதற்குள் பொய்யாகிவிடும். ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது: ரேம் ஏற்கெனவே உள்ளே இருக்கிற முழு மெஷின், அது புதிய பிராண்டட்டோ பழைய ஆபீஸ் பெட்டியோ, முன்பைவிட இப்போது லாபமாக இருக்க வாய்ப்பு அதிகம். "அப்புறமா ரேம் ஏத்திக்கலாம்" என்ற பழைய புத்திமதியை நானே இப்போது சொல்வதில்லை. 16 ஜிபி இருக்கிற பழைய பெட்டி கிடைத்தால் 8 ஜிபி பெட்டியைவிட இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுத்தும் வாங்கலாம்.

நீங்களே வீட்டில் பூட்டப் போகிறீர்கள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு மாலை வேலை. என்னிடம் "ஆன் ஆகல" என்று வருவதில் பாதி, பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் 8 பின் ஒயரைச் செருக மறந்தது, அல்லது ரேம் கிளிக் என்று உட்காராதது, அல்லது மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியது. உண்மையில் பணம் போகிற இடம் ஒன்றுதான்: சாக்கெட்டில் பின் வளைவது. இன்டெல்லில் பின்கள் போர்டில் இருக்கும், ஏஎம்4ல் பிராசசரின் அடியில் இருக்கும், இரண்டிலும் வளைந்தால் வாரண்டி கிடைக்காது. ஏஎம்4ல் பின்னாளில் கூலரைக் கழற்றும்போது மெஷினைச் சற்று ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணைத்துவிட்டு, திருகிக் கழற்றுங்கள். கூலருக்கும் பிராசசருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும்போது நேராக இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். பிராசசர் வாங்கும்போது பாக்ஸில் வருவதை வாங்குங்கள், அதற்குத்தான் கம்பெனியின் மூன்று வருட வாரண்டி. ட்ரே பிராசசர் என்று கவரில் போட்டுத் தருவதற்குக் கடைக்காரரின் வார்த்தைதான் வாரண்டி.

புது பிராண்டட்டை இவ்வளவு நேரம் திட்டியது போல் ஆகிவிட்டது, அது எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் யாருக்கும் பெட்டியைத் திறக்கிற ஆர்வம் இல்லை, பக்கத்தில் நம்பகமான சர்வீஸ் ஆள் இல்லை, பழுதானால் கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றால் அதைத்தான் வாங்க வேண்டும். ஒரிஜினல் விண்டோஸ் கூடவே வரும். ஆன்சைட் வாரண்டி உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று மட்டும் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வாங்கும்போது இது இப்படியேதான் இருக்கும், ரேமும் எஸ்எஸ்டியும் ஏற்றலாம், அதோடு சரி என்று நினைத்து வாங்குங்கள். கிராபிக்ஸ் கார்டுக்காக அதை வாங்க வேண்டாம்.

பையனுடைய படிப்புக்கு என்ன தேவை என்பதையும் பார்த்துவிடலாம். சி, ஜாவா, பைத்தான், மைஎஸ்க்யூஎல், இதெல்லாம் எந்த மெஷினிலும் ஓடும். மெஷினைத் திணறடிப்பது ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் வர்ச்சுவல் மெஷினும்தான், அதற்கு 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் கேட்கும், கிராபிக்ஸ் கார்டு கேட்காது. "ஏஐ படிக்கக் கார்டு வேண்டும்" என்று பையன் சொன்னால், கூகுள் கோலாப் என்று ஒன்று இருக்கிறது, பிரவுசரிலேயே கூகுளின் கார்டை ஒரு அளவு வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். நீங்கள் வாங்கித் தரக்கூடிய 4 ஜிபி, 6 ஜிபி கார்டைவிட அதில் நினைவகம் அதிகம். கேமுக்காகத்தான் கார்டு என்று அவன் நேராகச் சொன்னால் அதுவும் நியாயமான ஆசைதான், அதை அந்தப் பெயரிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதலில் ஐ5-8500, 16 ஜிபி ரேம் உள்ள டவர் தேடுவேன். கிடைத்தால் வாங்கி, நல்ல கம்பெனி 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டு, மின்சாரம் போய் வரும் ஊராக இருந்தால் 600 விஏ யுபிஎஸ் ஒன்றும் வாங்கி, மிச்சப் பணத்தை எடுத்து வைப்பேன். உள்ளே இருக்கும் கிராபிக்ஸிலேயே வாலரண்ட் குறைந்த செட்டிங்கில் ஓடும். ஒரு வருடம் கழித்தும் கேம் ஆசை இருந்தால் அப்போது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி ஒன்று, ஒயர் இல்லாதது. நல்ல டவர் கிடைக்கவில்லை, அல்லது பையன் கேமில் தீவிரம் என்று தெரிகிறது என்றால் 5600ஜி அசெம்பிள், சப்ளையில் கஞ்சத்தனம் இல்லாமல். ரேம் விலை இப்போது இருக்கிற நிலையில் இது 35,000ஐக் கொஞ்சம் தாண்டலாம், கேபினட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் என்றால் மட்டும் இந்தப் பேச்சையே விட்டுவிட்டு லேப்டாப் பாருங்கள்.

கடையில் காட்டிய அந்த பிராண்டட் மெஷினின் முழு மாடல் எண்ணும், முடிந்தால் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரின் போட்டோவும் இங்கே போடுங்கள், அதில் எந்தக் கார்டு நிற்கும் என்று பார்த்துச் சொல்கிறேன். நாலைந்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், கல்லூரி திறக்கிற சீசன், கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது.